சர்க்கரையை வெட்டுவதா, வைத்துக்கொள்வதா: ஒரு போஸ்ட்டாக் அனுபவம்

சர்க்கரை ஏறிய புரதங்களான கிளைக்கோபுரதங்களின் அமைப்பியலில், அதாவது அவற்றின் வடிவத்தை ஆராயும் துறையில், போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) செய்யலாமா என்று நாகர்கோவில், தக்கலைப் பக்கத்தில் முனைவர் பட்டம் முடித்த பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கேள்விக்குச் சர்க்கரை வேண்டுமா, வேண்டாமா? பலர் சிரிக்கிறார்கள். சர்க்கரை ஏறிய புரதத்தை ஆராயப் போகிறவரிடம் இப்படிக் கேட்பது கிண்டலாகத் தோன்றும். ஆனால் இந்தத் துறையில், எக்ஸ்-கதிரால் வடிவத்தைப் பார்ப்பதற்காகப் புரதத்தைப் படிகமாக வளர்க்கிறவர்கள் முதலில் செய்யும் வேலையே சர்க்கரையை வெட்டி எறிவதுதான். எதை வெட்டுவது, எந்த அளவுக்கு வெட்டுவது, வெட்டியபின் மிஞ்சியதை வைத்து என்ன சொல்ல முடியும் என்று தெளிவதற்குள் பாதிக் காலம் ஓடிவிடுகிறது. போஸ்ட்டாக்கின் மொத்தக் காலமே இரண்டு, மூன்று ஆண்டுகள்தான்.

எனக்குக் குழித்துறையில் வீடு, திருவனந்தபுரத்தில் ஆய்வகம். பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எல்லை தாண்டிப் போகும் காலை ரயிலில் தமிழும் மலையாளமும் சரிபாதியாகக் கேட்கும். டிக்கெட் பரிசோதகர் வந்தால் மட்டும் பெட்டி முழுவதும் மலையாளம் பேசும். முனைவர் பட்டத்துக்கு நான் ஆராய்ந்தவை பாக்டீரியப் புரதங்கள். சர்க்கரை இல்லாதவை, சொன்னபடி கேட்பவை. போஸ்ட்டாக்கில் என் கைக்கு வந்தது மனித உயிரணுச் சவ்வின் வெளிப்புறம் நீட்டிக்கொண்டு, தனக்குரிய இணை மூலக்கூறைப் பற்றும் ஓர் ஏற்பிப் புரதம். சர்க்கரை ஏறக்கூடிய இடங்கள் அதில் பல. ஆய்வுக் கட்டுரை அச்சேறும் வரை அதன் பெயர் இங்கே வேண்டாம்.

துறைக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிரணுவிலிருந்து வெளியே போகும் புரதங்களிலும் சவ்வின் வெளிமுகத்தில் நிற்கும் புரதங்களிலும் பெரும்பாலானவை சர்க்கரைச் சங்கிலிகளைச் சுமக்கின்றன. இவற்றுள் அதிகம் ஆராயப்பட்ட வகை, அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் ஏறுவது. அஸ்பராஜின், அடுத்துப் புரோலின் தவிர வேறு எதுவும், அதற்கடுத்துச் செரின் அல்லது திரியோனின் என்ற வரிசை இருக்க வேண்டும். உயிரணுவின் உள்வலைக்குள் இருக்கும் ஒரு நொதி, 14 சர்க்கரைகள் கொண்ட ஆயத்தக் கிளையை அப்படியே எடுத்து அந்த அஸ்பராஜினில் ஒட்டுகிறது. மூன்று குளுக்கோஸ், ஒன்பது மேனோஸ், அடியில் இரண்டு என்-அசிட்டைல் குளுக்கோசமைன். பிறகு அது கத்தரிக்கப்பட்டு, கோல்கை உறுப்பில் மீண்டும் வளர்க்கப்படுகிறது. இந்தக் கத்தரிப்புக்கும் வளர்ப்புக்கும் மரபணுவில் வரைபடம் கிடையாது. எந்த நொதி எப்போது வந்து சேர்ந்தது என்பதே தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே உயிரணுவில் உருவான ஒரே புரதத்தின் இரண்டு மூலக்கூறுகளில் சர்க்கரை ஒன்றுபோல் இருக்க வேண்டிய அவசியமில்லை. படிகமோ, எல்லா மூலக்கூறுகளும் ஒன்றுபோல் இருந்தால்தான் வளரும். எங்கள் துறையின் வழக்கு முழுவதும் இந்த முரணில் இருக்கிறது.

சர்க்கரையை ஒட்டும் நொதியின் அமைப்பு நன்றாகவே தெரிந்துவிட்டது. காம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவின் நொதியை 2011-லும், ஈஸ்டின் நொதித் தொகுதியை 2018-லும், மனிதனுடையதை 2019-லும் வெளியிட்டார்கள். ஒட்டுகிற கருவியைப் பார்த்துவிட்டோம்; ஒட்டப்பட்டதைப் பார்ப்பதுதான் இன்றும் சிரமம்.

மார்த்தாண்டத்தில் எனக்குச் சர்க்கரை நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறவள் என்று பெயர். திருமண வீடுகளில் எச்பிஏ1சி என்ற இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை அறிக்கையை நீட்டும் மாமிகள் உண்டு. அது வேறு விவகாரம்: இரத்தத்தில் குளுக்கோஸ் மிகும்போது நொதி எதுவும் இல்லாமல் தானாகவே ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்வது. நான் படிப்பது, உயிரணு தன் நொதிகளை வைத்துச் செய்வது. இதை விளக்க இரத்த வகையைவிட நல்ல உதாரணம் இல்லை. ஏ, பி வகைகளை உண்டாக்கும் இரண்டு நொதிகளுக்கும் இடையில் வேறுபாடு நான்கே அமினோ அமிலங்கள். ஒன்று என்-அசிட்டைல் கேலக்டோசமைனை வைக்கிறது, மற்றது கேலக்டோஸை வைக்கிறது. ஓ வகையில் இரண்டும் இல்லை. அடிச்சர்க்கரையே இல்லாதவர்களை 1952-ல் பம்பாயில் கண்டுபிடித்ததால் அதற்குப் பாம்பே வகை என்று பெயர். மாமிகளுக்காகத் தயாரித்த இந்த விளக்கம் நேர்முகத் தேர்வுகளில்தான் அதிகம் பயன்பட்டது. தேர்வுக் குழுவில் உங்கள் துறையைச் சேர்ந்தவர் ஒருவர் இருந்தாலே அதிர்ஷ்டம். மற்றவர்களுக்கு நீங்கள் செய்வது ஏன் முக்கியம் என்று இரண்டு நிமிடத்தில் புரிய வேண்டும்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். சர்க்கரை வேண்டுமா, வேண்டாமா என்ற முடிவு, புரதத்தை எந்த உயிரணுவில் உற்பத்தி செய்கிறீர்கள் என்பதோடு பிணைந்தது. ஈ. கோலை என்ற பாக்டீரியா மலிவு, ஓரிரவில் வளரும், ஆனால் மனிதச் சர்க்கரையை ஏற்றாது. காம்பைலோபாக்டரின் கருவிகளை அதற்குள் இறக்கி 2002-ல் சர்க்கரை ஏற்றிக் காட்டினார்கள் என்றாலும் அது பாக்டீரியச் சர்க்கரை. ஈஸ்ட், மேனோஸை அளவில்லாமல் அடுக்கும். பூச்சி உயிரணுக்கள் குட்டையான மேனோஸ் கிளைகளோடு நிறுத்திக்கொள்ளும். மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்த எச்இகே 293 உயிரணுக்களில் ஏறும் சர்க்கரைதான் இயல்புக்கு மிக அருகில் இருக்கும். கலவையும் மிக அதிகமாக இருக்கும். இதற்கு ஒரு நடுவழி உண்டு. ஹர் கோவிந்த் குரானாவின் ஆய்வகத்தில், கண்ணில் ஒளியை உணரும் ரொடாப்சின் புரதத்துக்காக உருவாக்கி 2002-ல் வெளியிட்ட எச்இகே வகையில் ஒரு குறிப்பிட்ட நொதி இல்லை. அதனால் எல்லாக் கிளைகளும் ஐந்து மேனோஸோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கிளையை எண்டோ எச் என்ற நொதி அடியில் ஒரே ஒரு சர்க்கரையை மட்டும் விட்டு நறுக்கிவிடும்.

போஸ்ட்டாக் காலத்தின் முதல் வாரத்திலேயே இந்த வகை உயிரணுவை வரவழைத்து வளர்க்கத் தொடங்குங்கள் என்பது என் முதல் ஆலோசனை. பூச்சி உயிரணுவில் முயன்று பார்த்துவிட்டுப் பிறகு இதற்கு வரலாம் என்று சொல்லும் மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். பூச்சி உயிரணு அவர்களுக்குக் கைவந்த கலை, அதனால் சொல்கிறார்கள். அவர்களுக்குக் காலக்கெடு கிடையாது, உங்களுக்கு உண்டு. கூடவே சாதாரண எச்இகே உயிரணுவிலும் அதே புரதத்தைச் சிறிய அளவில் தயாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்பி தன் இணையோடு சேர்கிறதா என்ற சோதனையை முழுச் சர்க்கரை உள்ள புரதத்திலும் நறுக்கிய புரதத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தால், வெட்டியதால் என்ன போயிற்று என்று அன்றே தெரிந்துவிடும்.

வெட்டக் கூடாத இடத்துக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். மருந்தாகப் பயன்படும் ஆன்டிபாடிகளின் அடிப்பகுதியில் 297-ஆம் அஸ்பராஜினில் ஒரு சர்க்கரைக் கிளை இருக்கிறது. அதில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை இல்லாவிட்டால், நோயுயிரணுவைக் கொல்லும் வெள்ளணுக்களின் ஏற்பியை அது பல மடங்கு இறுகப் பற்றுகிறது. காரணத்தை 2011-ல் வெளிவந்த படிக அமைப்பு காட்டியது: ஏற்பியின் 162-ஆம் அஸ்பராஜினில் இருக்கும் சர்க்கரை, ஆன்டிபாடியின் சர்க்கரையோடு நேரடியாகப் பொருந்துகிறது, ஃபியூகோஸ் இருந்தால் அது இடையில் முட்டுக்கட்டையாகிறது. ஏற்பியின் சர்க்கரையை ஈ. கோலை வழியாகவோ நொதி வைத்தோ நீக்கிவிட்டிருந்தால் படிகம் அழகாக வந்திருக்கும், விடை வந்திருக்காது.

சர்க்கரையை வெட்டும் நொதிகளான எண்டோ எச், பிஎன்ஜிஏஸ் எஃப் இரண்டையும் காசு கொடுத்து வாங்குவதை விரைவில் நிறுத்திவிடுங்கள். இரண்டையும் ஈ. கோலையில் நாமே தயாரிக்கலாம். நான்கு நாள் வேலை, ஓராண்டுக்குத் தாங்கும். கேரளத்தில் ஒரு நொதிக் குப்பி வாங்குவதற்கு மேற்கோள் விலை, கொள்முதல் குழு, பனிக்கட்டிப் பெட்டி என்று ஆகும் நாட்களைக் கணக்கிட்டால் பணத்தைவிட நேரம்தான் பெரிய லாபம். இரண்டும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. பிஎன்ஜிஏஸ் எஃப், சர்க்கரையை முழுவதுமாக எடுத்துவிட்டு அஸ்பராஜினை அஸ்பார்ட்டிக் அமிலமாக்கிவிடும். மடிந்த நிலையிலுள்ள பல புரதங்கள் அதன்பின் கரையாமல் வெண்மையாகப் படிந்துவிடுகின்றன. எண்டோ எச் விட்டுவைக்கும் அந்த ஒற்றைச் சர்க்கரை, புரதத்தைத் தண்ணீரில் நிற்க வைக்கப் பெரும்பாலும் போதுமானது.

அந்த அஸ்பார்ட்டிக் மாற்றம் சர்க்கரை எங்கே இருந்தது என்று காட்டும் அடையாளமும் ஆகும். அஸ்பராஜின் இருந்த இடத்தில் 0.98 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) கூடியிருப்பதை, எடையை அளக்கும் நிறை நிறமாலைக் கருவி எளிதாகக் காட்டும். ஆனால் அஸ்பராஜின் தானாகவும் இப்படி மாறக்கூடியது, அதிலும் அடுத்து கிளைசின் இருந்தால் மிக எளிதாக மாறும். எனவே ஆக்சிஜன்-18 கலந்த தண்ணீரில் நொதியை வேலை செய்ய விட்டால், கூடுதல் எடை ஏறத்தாழ 2.99 டால்டன் ஆகிவிடும்; நொதி செய்ததும் தானாக நடந்ததும் பிரிந்து தெரியும். படிகத் தட்டு போடும் முன், அதாவது படிகம் வளர வைக்கும் முன், இதைச் செய்து முடிக்க வேண்டும். வரிசையில் ஆறு இடங்கள் இருக்கின்றன என்று கணினி சொல்வதாலேயே ஆறிலும் சர்க்கரை இருக்கிறது என்று பொருள் இல்லை. எந்த இடம் முழுமையாக நிரம்பியது, எது பாதி மூலக்கூறுகளில் காலி என்று தெரியாமல் தட்டு போடுகிறவர் இருட்டில் கல் எறிகிறார்.

அஸ்பராஜினை குளூட்டமினாக மாற்றிச் சர்க்கரையே ஏறாமல் செய்வது எல்லோரும் கையாளும் இன்னொரு வழி. எங்கள் ஏற்பியில் ஓர் இடத்தை அப்படி மாற்றினால் புரதம் உயிரணுவை விட்டு வெளியே வருவதே இல்லை. இதைக் கண்டதும், அந்தச் சர்க்கரைதான் ஏற்பியின் செயலுக்கு அடிப்படை என்று கூட்டத்தில் ஒருவர் முடிவே கட்டிவிட்டார். அவசரம். உள்வலைக்குள் கால்நெக்சின், கால்ரெட்டிகுலின் என்ற துணைப் புரதங்கள் சர்க்கரைக் கிளையின் நுனியில் மிஞ்சிய ஒற்றை குளுக்கோஸைப் பிடித்துத்தான் புரதம் சரியாக மடிய உதவுகின்றன. அந்தப் பிடி போனால் புரதம் மடியாமல் உள்ளேயே அழிக்கப்படும். அதற்கும் வெளியே வந்தபின் ஏற்பி செய்யும் வேலைக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அஸ்பராஜினைத் தொடாமல், இரண்டு இடம் தள்ளியிருக்கும் திரியோனினை அலனினாக மாற்றிய இன்னொரு வடிவத்தையும் சேர்த்துச் சோதிப்பது நல்லது. இரண்டு மாற்றமும் ஒரே விளைவைத் தந்தால் பழி சர்க்கரை இல்லாமையின் மேல் விழும். வெவ்வேறாக இருந்தால், அமினோ அமிலத்தை மாற்றியதே தொல்லை என்று சந்தேகிக்கலாம். இரண்டு வடிவத்துக்குமான மரபணுத் தொகுப்புகளையும் ஒரே நேரத்தில் ஆர்டர் செய்துவிடுங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை.

மழையைப் பற்றி எந்தப் பாடநூலும் எச்சரிக்காது. தென் திருவிதாங்கூர்ப் பகுதிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இடவப்பாதியில் தொடங்கி நடுவில் சற்று விட்டு, ஐப்பசியில் துலாவர்ஷம். படிகத்தை நைலான் வளையத்தில் அள்ளித் திரவ நைட்ரஜனில் முக்கும்போது காற்றிலுள்ள ஈரம் முழுவதும் எதிரி. மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவத்தின் மேற்பரப்பில் ஈரம் பொடிப்பனியாக மிதக்கும், வளையத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எக்ஸ்-கதிர்ப் படத்தில் 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் பனி வளையங்கள் வந்து, அந்த எல்லையில் உள்ள தரவைத் தின்றுவிடும். சர்க்கரையைப் பார்க்க விரும்புகிறவருக்கு அந்த எல்லை மிகவும் தேவை. ஆகவே ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை முந்தின இரவே ஓடவிடுவது, நைட்ரஜன் குடுவையை மூடியே வைத்திருப்பது, பனி மிதக்கத் தொடங்கினால் கஞ்சத்தனம் பார்க்காமல் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவது, இடுக்கிகளை ஒவ்வொரு முறையும் சூடான காற்றில் உலர்த்துவது என்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். அறையில் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தில் எழுதாத சட்டம். மூச்சுக் காற்றும் ஈரம்தானே.

புதிதாக நிரப்புவதற்கு நைட்ரஜன் இருக்க வேண்டும். கேரளத்தில் ஹர்த்தால் (முழு அடைப்பு) அறிவித்தால் டேங்கர் வராது. பாறசாலையைச் சேர்ந்த எங்கள் ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்ததும் எனக்குத் தொலைபேசியில் சொல்வார்: "மக்களே, நாளைக்கு வண்டி வராது. இருக்கிற நைட்ரஜனைப் படிகம் வைத்திருக்கும் குடுவைக்கு மட்டும் ஊற்றுகிறேன். உன் உயிரணுக்களை நீ பார்த்துக்கொள்." ஹர்த்தால் அன்று களியக்காவிளையோடு தமிழ்நாட்டுப் பேருந்துகள் திரும்பிவிடும், ரயில் ஓடும். எல்லைக்கு இந்தப் பக்கம் வாழ்கிறவர்கள் ஆய்வகத்தில் இரண்டு நாள் மாற்றுடையும், உள்ளூரில் வசிக்கும் ஒரு சக ஆய்வாளரின் நட்பும் வைத்துக்கொள்வது அறிவு. உயிரணு வளர்ப்புக்கு ஞாயிறும் கிடையாது, ஓணமும் கிடையாது. யார் எந்த விடுமுறைக்கு வருவது என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் திருமணமாகாதவர் தலையில்தான் எல்லாம் விழும்.

படிகத்தின் மேல் பாய்ச்சும் எக்ஸ்-கதிர்க் கற்றைக்கு இந்தியாவில் இந்தூரின் இந்துஸ்-2 சிங்க்ரோட்ரானில் படிகவியலுக்கென ஒரு நிலையம் இருக்கிறது. படிகத்தை முதலில் அங்கே சோதித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். வலுவான கற்றை வேண்டுமானால் கிரெனோபிளில் உள்ள இஎஸ்ஆர்எஃப் போன்ற வெளிநாட்டு நிலையங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிகங்களை நைட்ரஜன் ஊறிய உலர் குடுவையில் அனுப்பிவிட்டு, நம் மேசையிலிருந்தே இயந்திரத்தை இயக்கலாம். பிரான்ஸ் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரமும், குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் பின்தங்கியது. கொடுக்கப்படும் இரவு நேரம் நமக்கு விடியற்காலை வரை நீளும். அந்த நாளில் வீடு திரும்பும் ரயிலை மறந்துவிடுங்கள். ஒருமுறை எங்கள் குடுவை சுங்கத்தில் தேங்கி, நைட்ரஜன் தீர்ந்த நிலையில் போய்ச் சேர்ந்தது. அதன்பின், சிறந்த படிகங்கள் எல்லாவற்றையும் ஒரே குடுவையில் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

தரவு கிடைத்தபின் வருவதுதான் இந்தத் துறையின் ஆபத்தான கட்டம். புரதத்தின் முதுகெலும்பு தெளிவாகத் தெரியும்; சர்க்கரைக் கிளையோ அடியில் ஒன்றிரண்டு அலகு தெரிந்து, பிறகு மங்கிக் காணாமல் போகும். காற்றில் ஆடும் தென்னோலையைப் படம் எடுத்தால் மட்டை தெளிவாகவும் நுனி கலங்கலாகவும் விழுவது போலத்தான் இது. எனக்கு முன் அந்தத் திட்டத்தில் இருந்தவர் விட்டுச்சென்ற மாதிரியில் ஒவ்வோர் இடத்திலும் அழகான முழுக் கிளை வரைந்திருந்தார். எக்ஸ்-கதிர்த் தரவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தை நியாயமான அளவில் வைத்துப் பார்த்தால் பாதிச் சர்க்கரைகள் வெற்றிடத்தில் மிதந்தன. உயிரியல் பாடநூலில் இருப்பது இப்படித்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் வரைந்தது. தெரியாததை வரையாமல் விடுவதற்கும் பயிற்சி வேண்டும். கிளை மங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, கட்டுரையில் அப்படியே எழுத வேண்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கிளை புரதத்தின் மேல் படிந்து, நான்காவது சர்க்கரை வரை தெளிவாகத் தெரிந்தது. புரதம் வெளியே வர மறுத்த அதே இடம். மற்ற இடங்களில் கற்பனையாக நிரப்பியிருந்தால் இந்த ஒன்று தனித்துத் தெரிந்திருக்காது.

வரைவதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. கிளையின் முதல் இரண்டு அலகுகளுக்குப் பின் வரும் மேனோஸ், பீட்டா பிணைப்பில் இருப்பது. அமைப்புகளைச் சேமிக்கும் புரதத் தரவு வங்கியில் அதன் குறியீடு பிஎம்ஏ. அதற்கு மேல் கிளைத்துப் போகும் மேனோஸ்கள் ஆல்ஃபா, குறியீடு எம்ஏஎன். எம்ஏஎன் என்று தட்டச்சுவது எளிது என்பதால் எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். மென்பொருள் மறுப்பு சொல்லாமல் சர்க்கரை வளையத்தை முறுக்கி அடர்த்திக்குள் திணித்துவிடும். நாற்காலி வடிவத்தில் இருக்க வேண்டிய வளையம் படகு வடிவத்தில் கிடந்தால் முதலில் இந்தக் குறியீட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். யார்க் பல்கலைக்கழகத்தில் உருவான பிரைவெட்டீர் என்ற மென்பொருள் இவற்றைச் சரிபார்த்துத் தரும். மாதிரி கட்டப் பயன்படும் கூட் மென்பொருளிலும் கிளையை இணைப்பு விதிகளின்படி கட்டித் தரும் பகுதி இருக்கிறது. 2020-ல் புரதத் தரவு வங்கியே தன்னிடமிருந்த சர்க்கரைப் பதிவுகளை மொத்தமாகச் சீரமைத்தது. அதற்கு முன் தரவிறக்கிய பழைய கோப்புகளை நம்பி ஒப்பிட வேண்டாம்.

ராமச்சந்திரன் வரைபடத்தில் எல்லாப் புள்ளியும் சரியான இடத்தில் விழுந்துவிட்டது என்று நிம்மதி அடைகிறவர்கள் இருக்கிறார்கள். எர்ணாகுளத்தில் 1922-ல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1963-ல் ஜி.என். ராமச்சந்திரன் தன் சகாக்களோடு வெளியிட்ட அந்த வரைபடம் புரதத்தின் முதுகெலும்புக்கு உரியது. சர்க்கரை தவறாக இருந்தால் அது கண்டுகொள்ளாது. அதே சென்னைக் குழுவில் 1960-களிலேயே வி.எஸ்.ஆர். ராவ் போன்றோர் சர்க்கரைச் சங்கிலிகளுக்கும் இதே முறையில் கோணக் கணக்கு போட்டிருக்கிறார்கள் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. இரண்டு சர்க்கரைகளை இணைக்கும் கோணங்கள் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று இன்று மென்பொருள் சிவப்பு விளக்கு காட்டும்போது அதன் வேர் சென்னையில் இருக்கிறது.

இந்த மண்ணுக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. எங்கள் பக்கத்தில் சக்கை என்று சொல்லும் பலாப்பழத்தின் கொட்டையில் ஜாக்கலின் என்ற லெக்டின், அதாவது சர்க்கரையைப் பற்றும் புரதம், தாராளமாக இருக்கிறது. செரின், திரியோனினில் ஏறும் சிறு சர்க்கரைகளை அது பிடிக்கும். நம் உடலின் ஐஜிஏ1 ஆன்டிபாடியைப் பிரித்தெடுக்க உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் படிக அமைப்பு 1996-ல், திருச்சூருக்கு அருகே சேர்ப்பில் பிறந்த எம். விஜயனின் பெங்களூர் ஆய்வகத்திலிருந்து வந்தது. வீட்டு வருக்கைச் சக்கையின் கொட்டைகளைக் காயவைத்து நான் எடுத்துப் போவேன். அரைத்து, உப்புக் கரைசலில் ஊறவைத்து, வடித்து, கேலக்டோஸ் பிணைத்த பிரிப்புக் குழாயில் (காலம்) பிடித்து, கேலக்டோஸ் கரைசலாலேயே இறக்கினால் சுத்தமான லெக்டின். விலைக்கு வாங்கும் குப்பியைவிடத் தரத்தில் குறைவில்லை. மாணவர்களுக்குப் புரதம் பிரித்தெடுக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. கெட்டுப்போனாலும் நஷ்டம் கொட்டைதான். கொட்டைக் கூட்டு வைக்க ஆளில்லாமல் போயிற்றே என்று அம்மாவுக்கு மட்டும் வருத்தம்.

படிகமே வேண்டாம், புரதத்தை உறையவைத்துப் படமெடுக்கும் கிரையோ மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம் என்று இப்போது பலர் நினைக்கிறார்கள். பெரிய புரதங்களுக்கு அது சரி. கொரோனா கிருமியின் கூர்முனைப் புரதத்தில் ஒரு சங்கிலிக்கு 22 என்று மூன்று சங்கிலிகளில் 66 இடங்களில் சர்க்கரை ஏறக்கூடும். எதையும் வெட்டாமல் அதன் அமைப்பைச் சில வாரங்களில் பார்த்தார்கள். அங்கும் தெரிந்தவை பெரும்பாலும் அடிச்சர்க்கரைகள்தான். எங்கள் ஏற்பி போன்ற சிறிய புரதத்துக்கு நுண்ணோக்கி நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் முன், அளவைக் கூட்டிக் காட்ட அதோடு பிடித்து நிற்கும் ஆன்டிபாடித் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். புரத அமைப்பைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டின் 2024 பதிப்பு சர்க்கரைகளையும் சேர்த்து வரைகிறது. கிளையை எங்கே எப்படி இணைக்க வேண்டும் என்று நாம் சரியாகக் கொடுக்காவிட்டால் பிணைப்பின் பக்கம் மாறிவிடுகிறது. கருதுகோளுக்கு நல்லது, சாட்சிக்குப் போதாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் போஸ்ட்டாக் பற்றிப் பேச முடியாது. ஒன்றிய அரசு 2023-ல் உயர்த்திய விகிதப்படி ரிசர்ச் அசோசியேட்டுக்கு நிலைக்கேற்ப மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாய், வாடகைப்படி தனி. காகிதத்தில் நல்ல தொகை. எனக்குப் பணம் தந்த நிதி அமைப்பு மாதக்கணக்கில் அனுப்பாமல் இருந்து, பிறகு மொத்தமாக அனுப்பியது. அதற்கு வருமான வரிக் கணக்கில் ஒரு தனித் தலைவலி. திருவனந்தபுரத்தில் வீடு எடுக்காமல் குழித்துறையிலிருந்து போய்வந்ததற்குப் பாதிக் காரணம் அம்மா, பாதிக் காரணம் இதுதான். சீசன் டிக்கெட் மலிவு. சேரும்போதே ஆறு மாதச் செலவுக்குக் கையில் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள், பணம் தாமதமானால் நிறுவனம் முன்பணம் தருமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகைக்கு 35 வயது வரம்பு உண்டு, பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு தள்ளிப்போகும்போது இந்தக் கணக்கை மனத்தில் வையுங்கள்.

பேராசிரியர் பதவி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தத் துறை மற்ற பல துறைகளைவிட நல்ல பதில் வைத்திருக்கிறது. பெங்களூர், ஹைதராபாத்தில் பயோசிமிலர் (மூல உயிரி மருந்துக்கு நிகரான மருந்து) தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஆன்டிபாடியின் சர்க்கரைக் கலவை ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் எப்போதும் தேவை. படிகம் வளர்க்கத் தெரியும் என்று சொன்னால் அங்கே மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். கிளைக்கானை, அதாவது சர்க்கரைக் கிளையை, பிரித்து, ஒளிரும் சாயம் ஏற்றி, திரவ நிறப்பிரிகையில் ஓட்டிப் படிக்கத் தெரியும் என்றால் சம்பளம் பேசுவார்கள். நிறமாலை அறைக்குப் போய்ப் பொறுப்பாளரிடம் கேட்டுக் கேட்டு நான் கற்றுக்கொண்டதுதான் இன்று என் பிழைப்பு. மாதிரியை அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் ஆய்வாளராக இருந்துவிடாதீர்கள்.

சேரும் முன் ஆய்வகத் தலைவரிடம் கேட்க வேண்டியவை இன்னும் சில இருக்கின்றன. உயிரணு வளர்ப்பறை நம்முடையதா, பகிர்ந்துகொள்வதா? எச்இகே வகை ஏற்கெனவே இருக்கிறதா, வரவழைக்க வேண்டுமா? நிறை நிறமாலைக்கு வரிசை எவ்வளவு நீளம்? இதே புரதத்தில் ஆய்வகத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா, இருந்தால் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? முந்தைய போஸ்ட்டாக் ஏன் போனார், அவரோடு பேசலாமா? மின்சாரம் போனால் படிகம் வளரும் 20 டிகிரி அறைக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா, அல்லது கணினி அறைக்கு மட்டும்தானா? மானியம் வராத மாதத்தில் திரவ நைட்ரஜனுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? கடைசிக் கேள்வியைத் தலைவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் பண்டகசாலைப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் சரியான பதில் அவரிடம்தான் இருக்கும்.